ஏரிக்குப் போக ஒரு டீசல்

டெல்பர்ட் க்ரம்லிக்கு முன்கண்ணாடி வழியாக வானம் மட்டும்தான் தெரிந்தது.

சாலை தெரியவில்லை. எதிர்வீட்டு ஹோமரின் தபால்பெட்டி தெரியவில்லை. பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்தவரைப் போல மல்லாந்து உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“லூ! பின்னாடி எல்லாம் சரியா இருக்கா?” என்று ஜன்னல் வழியாகக் கத்தினார்.

மனைவி லூவெல்லா புல்தரையில் காபிக் கோப்பையுடன் நின்றிருந்தாள்.

“பின்னாடி உக்காந்துடுச்சு டெல்பர்ட். முன்னாடி எழுந்துடுச்சு.”

“எழுந்துடுச்சுன்னா?”

“முன் சக்கரம் தரையைத் தொடுதா இல்லையான்னு குனிஞ்சுதான் பாக்கணும். நான் குனியமாட்டேன். முட்டி வலி.”

ஆலங்கட்டி மழையில் அடிபட்ட கூரைகளையும் கார்களையும் பார்த்து, “இது மழையில ஆனது இல்ல, முன்னாடியே இருந்த குழி” என்று சொல்வதற்காக ஒரு காப்பீட்டுக் கம்பெனி டெல்பர்ட்டுக்குக் காலமெல்லாம் சம்பளம் கொடுத்தது. ஓய்வு பெற்ற சூட்டோடு அவர் ஒரு டிரெய்லர் வீடு வாங்கினார். வீடு என்றால் வீடேதான். படுக்கையறை, குளியலறை, அடுப்பு, சோபா. பொத்தானை அழுத்தினால் சுவர் தானாக வெளியே நகர்ந்து கூடத்தைப் பெரிதாக்கும். டெக்சஸில் அவர்கள் குடியிருந்த செங்கல் வீட்டில்கூட அத்தனை வசதி கிடையாது.

இவ்வளவும் எதற்கு? லூவெல்லா ஒருநாள் அழகு நிலையத்தில் தலைக்குச் சாயம் காயும்வரை ஒரு பழைய பத்திரிகையைப் புரட்டியிருக்கிறாள். அதில் கொலராடோ மலைகளுக்கு நடுவே ஹெரன் ஏரி என்று ஒரு படம். வீட்டுக்கு வந்து சொன்னாள்: “எனக்கு அந்தக் கரையில உக்காந்து காலையில ஒரு காபி குடிக்கணும்.”

வேறு புருஷனாக இருந்தால் ஃப்ளாஸ்க்கைத் தேடியிருப்பான். டெல்பர்ட் டிரெய்லரைத் தேடினார்.

இப்போது அந்த டிரெய்லரின் மூக்கு அவருடைய பழைய பெட்ரோல் பிக்கப்பின் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது. பிக்கப் பின்னங்கால் மடங்கிய மாடு மாதிரி கிடந்தது.

ஹோமர் பிக்கெட் தெருவைக் கடந்து வந்தார். தொப்பையும் தொங்குமீசையுமாக இருக்கும் ஹோமரிடம் டிரெய்லரும் இருந்தது, டீசல் டிரக்கும் இருந்தது. அதனால் அந்தத் தெருவில் இழுவை சம்பந்தமாக அவர் சொன்னதுதான் தீர்ப்பு.

“யோவ் டெல்பர்ட், ராக்கெட் விடப் போறியா?”

“இழுக்கும்னுதான்யா புத்தகத்துல போட்டிருந்தான்.”

“இழுக்கும். யாரு இல்லேன்னா? கழுதையைக் கட்டினாக்கூட ரெண்டடி இழுக்கும். தாங்குமா? மலை ஏறுமா? ஏறினா இறங்குமா? இறங்கினா நிக்குமா? பெட்ரோல் வண்டியை வெச்சுக்கிட்டு கொலராடோ போறானாம்! டீசல் வேணும்யா, டீசல்!”

அந்தச் சொல்லைச் சொல்லும்போது ஹோமர் தொப்பியைக் கழற்றவில்லை, அவ்வளவுதான் குறை.

டெல்பர்ட் டீசல் வாங்கினார். கடையில் விற்பனைக்காரன், “இது மலையையே இழுக்கும் சார்” என்றான். டெல்பர்ட்டுக்கு மலையை இழுக்கவேண்டிய அவசியம் எதுவும் இல்லை. இருந்தாலும், அந்த வசதி ஒரு பக்கம் இருக்கட்டுமே என்று பட்டது.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று ஹோமர் எஞ்சினைப் பார்க்கவில்லை. நேராக ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவு மூடும் இடத்தில் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிப் பெருமூச்சு விட்டார். எக்ஸ்ரே பார்த்த டாக்டர் விடும் பெருமூச்சு.

“என்னய்யா?” என்றார் டெல்பர்ட்.

“இது எவ்ளோ இழுக்கும்னு கேட்டியே, எவ்ளோ சுமக்கும்னு கேட்டியா?”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“ஒண்ணா! ஆளு, பெட்டி, எண்ணெய், முதுகுல அழுத்தற டிரெய்லர் மூக்கு எல்லாம் சேத்து வண்டி சுமக்கற கணக்கு வேற. உன் டிரெய்லரோட மூக்கு மட்டுமே அந்தக் கணக்கைத் தின்னுடுது. இதுல போகணும்னா ஒண்ணு நீ ஏறக் கூடாது, இல்ல லூவெல்லா ஏறக் கூடாது.”

“அப்ப நான் தனியா வந்துக்கறேன். வழியில எங்கயாவது சேந்துக்கலாம்” என்றாள் லூவெல்லா.

இரண்டு ஆண்களும் சிரிக்கவில்லை. இது சிரிக்கிற விஷயமில்லை.

டெல்பர்ட் அந்த டீசலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதற்கு அண்ணனை வாங்கினார். பின்பக்கம் ஒவ்வொரு ஓரத்திலும் இரட்டைச் சக்கரம், ஆக மொத்தம் ஆறு. முன்னாலிருந்து பார்த்தால் டிரக். பின்னாலிருந்து பார்த்தால் இடுப்பில் கைவைத்துச் சண்டைக்கு நிற்கும் ஆள். கராஜுக்குள் நுழையவில்லை. கராஜ் வாசலை இடித்து அகலப்படுத்தினார். வண்டி நுழைந்தது. ஆனால் நுழைந்தபின் கதவைத் திறக்க இடமில்லாமல் டெல்பர்ட் உள்ளேயே உட்கார்ந்து ஹாரன் அடித்தார். அன்றிலிருந்து வண்டி வெளியேதான் நின்றது. கராஜின் பக்கச் சுவரில் ஒரு விரிசல் விட்டது. அதை டெல்பர்ட் தொழில்முறைக் கண்ணால் பார்த்து, “முன்னாடியே இருந்தது” என்றார்.

புது வண்டியில் லூவெல்லாவை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டினார். அவர்கள் ஊர் ப்ளெய்ன்வியூ தோசைக்கல் மாதிரி தட்டையானது. ஏறவும் இறங்கவும் ஒரு வேகத்தடைகூட ஒழுங்காகக் கிடையாது. ஆனால் ஹாம்பர்கர் கடை உண்டு. காரை விட்டு இறங்காமலே வாங்கிக்கொள்ளும் ஜன்னலும் உண்டு. டெல்பர்ட் அந்தச் சந்துக்குள் கம்பீரமாக நுழைந்தார். ஜன்னலுக்கு நேராக வந்ததும் பின் இடுப்பு இரண்டு பக்கத்துத் தடுப்புக்கும் நடுவே கச்சிதமாகச் சிக்கிக்கொண்டது.

ஜன்னலில் இருந்த பெண் பொட்டலத்தை நீட்டிவிட்டு, “சார், கொஞ்சம் முன்னாடி போங்க” என்றாள்.

“போக முடியலம்மா.”

“அப்ப பின்னாடி போங்க.”

“வரவும் முடியல.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “அப்ப வேற ஏதாவது சாப்பிடறீங்களா?”

டெல்பர்ட்டுக்குப் பின்னால் கார்கள் நீளமாக நின்று கத்தின. தடுப்பு இரும்பை அறுத்து எடுக்கும்வரை லூவெல்லா நிதானமாக ஒரு மில்க் ஷேக் வாங்கிக் குடித்தாள். “பாத்தியா லூ, வண்டியில ஒரு கீறல் இல்ல” என்றார் டெல்பர்ட். உண்மைதான். கடையில்தான் இருந்தது.

அடுத்த சிக்கல் உயரம். அண்ணன் டீசல் உயரமாகவும் இருந்தது. டிரெய்லரைப் பூட்டினால் அதன் மூக்கு நிமிர்ந்து பின்பக்கம் சாலையில் உராய்ந்தது.

“டிரெய்லரைத் தூக்கு” என்றார் ஹோமர்.

அச்சுக்கு மேலே இரும்புத் துண்டுகள் வைத்து டிரெய்லரைத் தூக்கினார்கள். டிரக்கும் டிரெய்லரும் இப்போது ஒரே மட்டத்தில் நின்றன. ஆனால் டிரெய்லரின் வாசற்படி லூவெல்லாவின் இடுப்பு உயரத்துக்குப் போய்விட்டது.

“நான் எப்படி ஏறறது?”

“ஸ்டூல் போட்டுத் தரேன்.”

“ஸ்டூல் மேல எப்படி ஏறறது?”

“ரெண்டு ஸ்டூல் போட்டுத் தரேன்.”

ஒத்திகைக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டெல்பர்ட் வண்டியைத் தெருமுனைவரை ஓட்டிப் பார்த்தார். உயர்த்தப்பட்ட டிரெய்லரின் கூரையில் ஏசி பெட்டி துருத்திக்கொண்டிருப்பதை யாரும் யோசிக்கவில்லை. அது தெருவுக்குக் குறுக்கே போன டிவி கேபிளை அறுத்து இழுத்துக்கொண்டு போனது. கால்பந்து ஆட்டத்தின் கடைசிக் கட்டம். தெருவில் ஒவ்வொரு வாசற்கதவாகத் திறந்தது. டெக்சஸில் ஒருவனுடைய மதத்தைப் பழிக்கலாம், அவன் சுட்ட பிரிஸ்கெட் மாட்டிறைச்சியைக்கூட ஜாக்கிரதையாகப் பழிக்கலாம். கால்பந்தின் கடைசிக் கட்டத்தில் கேபிளை அறுக்கக் கூடாது. வாரக்கணக்கில் டெல்பர்ட்டுக்கு யாரும் கையசைக்கவில்லை.

அந்தக் கோடை அப்படிப் போனது.

டிரெய்லரை மறுபடி இறக்கி, டிரக்கில் அது பூட்டும் இடத்தையும் தாழ்த்தி, ஏசியைத் தட்டையாக மாற்றும் வேலைக்கு விட்டார்கள். “இந்த வருஷம் ஏரி உண்டா டெல்பர்ட்?” என்று லூவெல்லா கேட்டாள்.

“அவசரப்படாதே லூ. மலைன்னா விளையாட்டு இல்ல. வண்டி முழுசாத் தயாராகாம உன்னைக் கூட்டிட்டுப் போனா, அது கொலை.”

“சரி. அப்ப நான் ஓக்லஹோமாவுல அக்கா வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்.”

“போயிட்டு வா” என்றார் டெல்பர்ட், டிரெய்லருக்கு அடியிலிருந்து. அவள் எப்போது போனாள், எப்போது வந்தாள் என்பதெல்லாம் அவர் கவனத்தில் இல்லை. அவருக்கு ஒரு போல்ட் பொருந்தவில்லை.

குளிர்காலம் வந்ததும் டெல்பர்ட்டுக்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்தது. காலையில் டீசலைக் கிளப்பி நெல்டாவின் சாப்பாட்டுக் கடைக்குப் போவார். கடை நடந்து போகிற தூரம். எஞ்சினை அணைக்காமல் வாசலில் உறுமவிட்டு உள்ளே போய், வெண்குழம்பு ஊற்றிய மெத்து ரொட்டியை, அந்த ஊர்ப் பெயரில் பிஸ்கட்டை, சாப்பிடுவார். ஜன்னல் கண்ணாடி அதிரும். மேசைமேல் கரண்டிகள் கிணுகிணுக்கும்.

“ஏம்ப்பா, அணைச்சிட்டு வரக்கூடாதா?” என்பாள் நெல்டா.

“டீசலை அப்படிப் பொசுக்குனு அணைக்கக் கூடாது நெல்டா. அது பெட்ரோல் வண்டி இல்ல.”

கடையில் ஓய்வு பெற்றவர்கள் கூட்டம் ஒன்று உண்டு. எல்லோரும் அவரவர் டீசலைப் பற்றிப் பேசுவார்கள். குதிரைசக்தி, முறுக்குவிசை, மலை இறங்கும்போது எஞ்சினே பிடித்துக்கொள்ளும் பிரேக். அதில் பாதிப்பேர் ஊர் எல்லையைத் தாண்டியதில்லை. ஹோமரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய டிரெய்லரில் கணப்பு அடுப்பே இருந்தது. டிரெய்லரை அவர் தன் வீட்டு வாசலில் நிறுத்திவைத்து, மனைவியோடு சண்டை வரும்போதெல்லாம் அதற்குள் போய்ப் படுத்துக்கொள்வார். அதுவும் பயணம்தான்.

“உன் பொண்டாட்டியைச் சொல்லணும்யா டெல்பர்ட்” என்பார்கள். “மூஞ்சியைத் தூக்காம எவ்ளோ பொறுமையா இருக்கா!”

“அவளுக்காகத்தானே இவ்ளோ பாடும்” என்பார் டெல்பர்ட்.

வசந்தகாலம் வந்தபோது டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. பிறகு இன்னொன்று. ஒருநாள் வண்டி ஆமை வேகத்துக்கு மேல் போகமாட்டேன் என்றது. பர்ல் என்ற மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். பர்ல் ஒல்லியான ஆள், வாயில் எப்போதும் ஒரு பல்குச்சி, வாயைத் திறந்தால் கெட்ட செய்தி.

“என்னத்த இழுத்தீங்க சார் இதுல?”

“இன்னும் எதுவும் இழுக்கல.”

“எங்க போனீங்க?”

“நெல்டா கடைக்கு.”

பர்ல் பல்குச்சியை வாயின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு மாற்றினான்.

“புகைக்கரியைப் பிடிக்கற வடிகட்டி முழுசா அடைச்சுக்கிச்சு. ஒரு பாரத்தை இழுத்துக்கிட்டு நெடுஞ்சாலையில சூடா ஓடினா அந்தக் கரி தானா எரிஞ்சுடும். நீங்க இதைக் காபி குடிக்கக் கூட்டிட்டுப் போயிருக்கீங்க.”

“சூடேத்தத்தான்யா தினமும் ஓடவிட்டேன். நல்லாப் பராமரிக்கணும்னு.”

“அதான் கெடுத்துட்டீங்க.”

வடிகட்டி வர நாளாகும் என்றான். வந்ததும் பொருத்தினான். பொருத்தியபின் ஒரு சென்சாரும் செத்திருப்பது தெரிந்தது. அது வருவதற்குள் கோடை பாதி முடிந்திருந்தது. லூவெல்லா ஆலங்கட்டிக் குழிகள் நிறைந்த தன் சின்னக் காரைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அக்கா வீடா?” என்றார் டெல்பர்ட்.

“ஆமா. உனக்கு ஃப்ரிட்ஜ்ல எல்லாம் வெச்சிருக்கேன். சூடு பண்ணிச் சாப்பிடு.”

“அடுத்த வருஷம் கண்டிப்பா லூ.”

“நீ மெதுவா பாரு டெல்பர்ட். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

டெல்பர்ட்டின் கண் கலங்கியது. இப்படி ஒரு பெண்ணுக்கு ஏரி காட்டாமல் செத்தால் தனக்குக் கல்லறையில் தூக்கம் வராது என்று நினைத்தார். பர்லிடம் போய் இன்னும் என்னென்ன மாற்றலாம் என்று கேட்டார். பர்ல் பல்குச்சியை எடுத்துவிட்டுப் புன்னகைத்தான்.

அதற்கடுத்த வருடம் எல்லாம் தயாராக இருந்தது. புது வடிகட்டி, புது டயர்கள், புது பிரேக் கருவி. டிரெய்லரில் துவாலைகள்கூட மடித்து வைத்தாகிவிட்டது. கிளம்புகிற காலை. ஹோமர் வழியனுப்ப வந்து புல்தரையில் நின்றார். டெல்பர்ட் கடைசியாக எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டிருந்தார்.

“இங்க பாரு ஹோமர். இந்தக் காலத்து டீசலுக்கு ரெண்டு வாய். ஒண்ணுல டீசல். இன்னொண்ணுல, இதோ இந்த நீல மூடி, இதுல யூரியாத் தண்ணி. புகையைச் சுத்தமாக்கறதுக்கு. நிறைய பேரு தெரியாம மாத்தி ஊத்திடறானுங்க. முட்டாப் பசங்க. எஞ்சினே போயிடும்.”

“தெரியும்யா. எனக்கே பாடம் எடுக்கறியா?”

“உனக்கு இல்லய்யா, பொதுவாச் சொல்றேன். படிச்சவனே பண்றான். கவனம் வேணும். நிதானம் வேணும். பேச்சுக் குடுத்துக்கிட்டே ஊத்தக் கூடாது.”

“டெல்பர்ட்” என்றாள் லூவெல்லா.

“ஒரு நிமிஷம் லூ. மனுஷனுக்கு ஒரு வேலைல கண்ணு இருக்கணும் ஹோமர்...”

“டெல்பர்ட், நீல மூடி மூடியேதான் இருக்கு.”

டெல்பர்ட் கையிலிருந்த யூரியாத் தண்ணீர்க் கேனின் கடைசிச் சொட்டு டீசல் டாங்குக்குள் விழுந்த சத்தம் மூவருக்கும் கேட்டது.

அத்தோடு நின்றிருந்தால்கூடப் பிழைத்திருக்கும். டாங்கைக் கழற்றிக் கழுவியிருக்கலாம். ஆனால் ஹோமர் பார்த்துக்கொண்டிருந்தார். ஹோமர் பார்க்கும்போது தவறை ஒத்துக்கொள்வது எப்படி? “கொஞ்சூண்டு கலந்தா ஒண்ணும் ஆகாது. ஓடினா எரிஞ்சுடும்” என்று சொல்லி டெல்பர்ட் சாவியைத் திருகினார்.

எஞ்சின் இரண்டு தடவை இருமியது. பிறகு அது பேசவில்லை.

பர்ல் வந்து மோந்து பார்த்தான். “கிளப்பினீங்களா சார்?”

“லேசா.”

“லேசான்னா?”

“சாவியைத் திருகினேன்.”

பர்ல் தொப்பியைக் கழற்றினான். டாங்கிலிருந்து எஞ்சின்வரை எண்ணெய் தொட்ட ஒவ்வொரு பாகத்தையும் கழற்றி எறியவேண்டும் என்றான். அந்த வருடம் பர்ல் தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு ஹவாய் போய் வந்ததாகப் பேச்சு. லூவெல்லா அக்கா வீட்டுக்குப் போய், மூக்கு நுனி வெயிலில் சிவந்து, முகமெல்லாம் மலர்ந்து திரும்பி வந்தாள். “அக்கா வீட்டுல தோட்ட வேலையா?” என்று கேட்டார் டெல்பர்ட். “ம்” என்றாள். அதற்குமேல் விசாரிக்க அவருக்கு நேரமில்லை. எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் ஊசிக்குழாய்களின் விலைப்பட்டியல் மேசைமேல் காத்திருந்தது.

கடைசியில், ஒரு ஜூலை மாதக் காலையில், யாருமே எதிர்பாராத ஒன்று நடந்தது. வண்டி கிளம்பியது.

கிளம்பியது மட்டுமில்லை, போய்க்கொண்டே இருந்தது. டெல்பர்ட்டுக்கு நம்பிக்கை வராமல் ஊர் எல்லையில் ஒரு தடவை நிறுத்தி இறங்கிப் பார்த்தார். எதுவும் ஒழுகவில்லை. தட்டைப் பூமியைத் தாண்டி நியூ மெக்சிகோவுக்குள் நுழைந்து, வடக்கே திரும்பி, தூரத்தில் நீல மலைகள் தெரிந்தபோது அவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து நீட்டிக் காட்டினார்.

“பாரு லூ. பாரு. மலை.”

“ம், அழகா இருக்கு” என்றாள் லூவெல்லா. பின்னல் ஊசியை நிறுத்தவில்லை.

கொலராடோவுக்குள் போய் ஏரிக்குப் பிரியும் மலைப்பாதை தொடங்கியதும் டெல்பர்ட்டுக்கு வியர்த்தது. ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம் ஒன்றுமில்லை. டீசல் கனைத்துக்கொண்டு ஏறியது. டெல்பர்ட் ஏறும் வழியெல்லாம் விளக்கிக்கொண்டே வந்தார்.

“இதுக்குத்தான் லூ, இதுக்குத்தான். எத்தனை பேரு கேலி பண்ணான்? இந்த ஏத்தத்தைப் பாரு. இந்த முறுக்குவிசை இல்லாம ஒரு வண்டி இதுல ஏறுமா? சொல்லு. ஏறுமா?”

“கஷ்டம்தான்” என்றாள் லூவெல்லா.

பின்னால் நீளமாக வரிசை சேர்ந்திருந்தது. கொஞ்சம் அகலமான ஓர் இடத்தில், தீப்பெட்டி அளவு காரில் ஒரு கிழத் தம்பதி ஹாரன் அடித்துக்கொண்டே இவர்களைத் தாண்டி மேலே போனார்கள். காரின் பின் ஜன்னலில் ஒரு நாய் இவர்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

“போகட்டும்” என்றார் டெல்பர்ட். “மேல போனதும் எஞ்சின் வெந்து ஓரமா நிக்கும் பாரு. பாவம், விவரம் தெரியாதவங்க.”

“அப்படியா?” என்றாள் லூவெல்லா.

அந்தக் கார் எங்கேயும் ஓரமாக நிற்கவில்லை.

கணவாயின் உச்சியில் வண்டியை நிறுத்தி இறங்கினார். காற்று குளிர்ந்து வீசியது. இரட்டைச் சக்கரங்களுக்கு மேல் புடைத்திருந்த வண்டியின் இடுப்பைத் தடவிக் கொடுத்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு எஞ்சின் மூடியில் ஒரு முத்தம் வைத்தார். அது சூடாக இருந்தது. உதட்டைத் தேய்த்துக்கொண்டே வந்து மனைவியின் ஜன்னல் பக்கம் நின்றார்.

“லூ, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இத்தனை வருஷம் உன்னைக் காக்க வெச்சிட்டேன். ஒரு வார்த்தை நீ கோபிச்சுக்கல. வேற எவளா இருந்தாலும் என்னை அந்த டிரெய்லருக்குள்ள வெச்சுக் கொளுத்தியிருப்பா.”

லூவெல்லா பின்னலைக் கீழே வைத்தாள். அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தது மாதிரி இருந்தது.

“டெல்பர்ட், நான் உன்கிட்ட...”

“ஒண்ணும் சொல்லவேண்டாம். ஏரியைப் பாத்துட்டு சொல்லு” என்றார் அவர். ஏறிக் கதவைச் சாத்தினார்.

இறக்கத்தில் எஞ்சின் பிரேக் அழகாகப் பிடித்தது. மரங்களுக்கு நடுவே தண்ணீர் மின்னியது. முகாம் வாசலில் வளைந்தபோது டிரெய்லரின் பின்பக்கம் வரவேற்புப் பலகையைத் தட்டிவிட்டது. ‘ஹெரன் ஏரி உங்களை’ என்பதுவரை நின்றது, மிச்சம் விழுந்தது. உள்ளே ஓர் அம்புக்குறி, ‘பெரிய வண்டிகள் இந்தப் பக்கம்’ என்றது. அந்தப் பக்கம் போனால் ஒரு சரளைக்கல் மைதானம். அதற்கு ஒரு புறம் கழிப்பறைக் கட்டடம், மறுபுறம் குப்பைத் தொட்டிகள். ஏரி தெரியவில்லை. ஏரிக்கரையில் இருந்த இடங்கள் எல்லாம் இந்த வண்டியின் ஒரு கதவைத் திறக்கக்கூடப் பத்தாது.

“பரவாயில்ல லூ” என்றார் டெல்பர்ட். “நடந்து போனா ஏரி. முக்கியமானது, வந்துட்டோம்.”

டீசலை உடனே அணைக்கவில்லை. கொஞ்ச நேரம் உறுமவிட்டார். சத்தம் கேட்டு முகாம் அலுவலகத்திலிருந்து வெள்ளைத் தலைமுடியும் ரப்பர் பூட்சுமாக ஓர் அம்மாள் வெளியே வந்தாள். சட்டையில் நெட்டி என்று பெயர் தைத்திருந்தது.

டெல்பர்ட் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கீழே குதித்தார். எத்தனை குதிரைசக்தி என்று கேட்பாள், மலை எப்படி ஏறியது என்று கேட்பாள், ஆறு சக்கரம் எதற்கு என்று கேட்பாள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். டிரக்கின் முன்னால் ஒரு காலை மடக்கிச் சாய்ந்து நின்றார்.

நெட்டி அவரைத் தாண்டிப் போனாள். டிரக்கையும் தாண்டிப் போனாள். அந்தப் பக்கம் ஸ்டூல் தேடிக் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்த லூவெல்லாவை இடுப்போடு சேர்த்துத் தூக்கி இறக்கிவிட்டு, கன்னத்தில் சத்தமாக ஒரு முத்தம் வைத்தாள்.

“அடியே லூ, தண்ணி ஓரமா நீ எப்பவும் கூடாரம் போடற இடத்தை யாருக்கும் குடுக்காம வெச்சிருக்கேன்! அது சரி, ஏன் இந்த வருஷம் யாரோ டிரைவரைப் பிடிச்சு லாரியில வந்து இறங்கறே, உன் சின்னக் கார் ரிப்பேரா?”